பெரிய விளையாட்டுகளில் நின்றுபோகும் கணினி

காலை முதல் மாலை வரை கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் சினிமாப் பார்க்கவும் எவ்விதக் குறையுமின்றி உழைக்கிற கணினி, இரவில் ஒரு பெரிய விளையாட்டைத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் சட்டென்று அணைந்துபோனால், அல்லது திரை நீலமாகி நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் செய்கிற காரியம், உள்ளே இருப்பவற்றுள் எது விலை மிகுந்ததோ அதன்மேல் சந்தேகத்தைப் போட்டு அதை மாற்றிவிடுவதே. புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்திய பிறகும் கணினி பழையபடியே அணைகிறது. பணம் போனதோடு, இனி எதைச் சந்தேகிப்பது என்ற குழப்பமும் மிஞ்சுகிறது. இந்த அத்தியாயத்தை எழுதுவதன் உத்தேசம் அந்த வீண் செலவைத் தடுப்பதாகும். இதில் நான் வற்புறுத்துவது ஒரே விஷயம்: கணினி எந்த விதமாக நின்றது என்பதே முதல் சாட்சியம், அந்தச் சாட்சியத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்கு முன் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றலாகாது, கழற்றத் தொடங்கிய பின்பும் ஒரு வேளையில் ஒரு மாறுதலுக்கு மேல் செய்யலாகாது.

சாதாரண வேலைகளில் ஒழுங்காக நடப்பது பெரிய விளையாட்டில் மட்டும் ஏன் விழுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நலம். கணக்குத் தாளைத் திறந்து வைத்திருக்கும்போது பிராசசருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. ஒரு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது பிராசசர் முழு பலத்தோடு உழைத்தாலும் கிராபிக்ஸ் கார்டு அநேகமாக ஓய்ந்திருக்கிறது. பெரிய விளையாட்டோ பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்எஸ்டி ஆகிய யாவற்றையும் ஏககாலத்தில் வேலை வாங்குகிறது. அதையும் ஒரே அளவாக வாங்காமல், அமைதியான காட்சியிலிருந்து வெடியும் புகையுமான காட்சிக்குத் தாவும்போது க்ஷண நேரத்தில் பன்மடங்கு கூட்டியும் அடுத்த க்ஷணத்தில் குறைத்தும் வாங்குகிறது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் எல்லா அடுப்பையும் ஒருங்கே மூட்டும்போதுதான் காஸ் குழாயின் போதாமை வெளிப்படுகிறது. அதுபோல, மின்சாரத்திலோ உஷ்ணத்தை வெளியேற்றுவதிலோ ராமின் வேகத்திலோ முன்னமே இருந்து மறைந்துகிடந்த ஒரு குறை, உச்ச பாரம் ஏறிய அந்த வேளையில் பிரத்தியட்சமாகிறது.

நின்றுபோதல் என்று பொதுப்படச் சொல்வதற்குள் வெவ்வேறு லட்சணமுள்ள பல சம்பவங்கள் அடங்கியிருக்கின்றன. வீட்டில் மின்சாரம் போனதுபோல விசிறியும் விளக்கும் ஒரே நொடியில் அணைந்துபோவது ஒரு வகை. அதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம் வந்துசேரும் வழியில் இருக்கும். அணையாமல் தானே ரீஸ்டார்ட் ஆவது மற்றொரு வகை. இதில் மின்சாரமும் காரணமாகலாம், பிராசசரும் ராமும்கூடக் காரணமாகலாம். ப்ளூ ஸ்கிரீன் வருவது மூன்றாவது. இது ஒருவகையில் நல்ல நிலை, ஏனெனில் விண்டோஸ் விழுவதற்கு முன் ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு விழுகிறது. திரை மட்டும் கறுத்து, ஒலி சில நொடி தொடர்ந்து, பிறகு படம் திரும்ப வந்தால் கிராபிக்ஸ் கார்டையோ அதன் டிரைவரையோ விசாரிக்க வேண்டும். படம் உறைந்து, ஒலி ஒரே அசையில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்குமாயின் ராம், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு ஆகிய மூன்றில் எதுவும் குற்றவாளியாகலாம். எல்லாவற்றிலும் மயக்கம் தருவது, கணினிக்கு ஒன்றும் நேராமல் விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுவது. அதைப் பற்றித் தனியே பின்னர் சொல்கிறேன்.

கண்ணால் கண்டதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன விளையாட்டு, எந்தக் காட்சி, தொடங்கி எவ்வளவு நேரம், அறையில் ஏசி ஓடியதா, நின்ற விதம் என்ன. அடுத்துக் கணினியின் சொந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனின்மேல் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழுள்ள சிஸ்டம் என்ற பகுதிக்குப் போனால், கணினி நின்ற நிமிஷத்துக்கு அருகில் சிவப்பு அடையாளமிட்ட வரிகள் தெரியும். அவற்றுள் அநேகமாக எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது கெர்னல்-பவர், எண் 41 என்ற வரி. இதைக் கண்டவுடன் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று தீர்மானித்து அதை மாற்றியவர்கள் ஏராளம். அந்த வரியின் தாத்பரியம் அதுவன்று. கணினி முறைப்படி மூடப்படாமல் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ப்ளூ ஸ்கிரீனுக்குப் பின்பும் அது வரும், பிளக்கைப் பிடுங்கினாலும் வரும். அதன் டீடெயில்ஸ் பகுதியைத் திறந்து பக்செக்கோடு என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 0 என்றிருந்தால், விண்டோஸுக்குத் தன் முடிவை எழுதிவைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம் அறுந்தது அல்லது கணினி முற்றிலும் உறைந்தது என்ற அனுமானம் அப்போது பலப்படுகிறது. அங்கே வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் ஒன்று நிகழ்ந்திருக்கிறது.

வீயா-லாகர், எண் 18 என்ற வரி இருந்தால் பிராசசர் தன்னுள்ளேயே திருத்த முடியாத பிழை ஒன்றைக் கண்டு முறையிட்டிருக்கிறது. இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. டிஸ்ப்ளே, எண் 4101 என்ற வரி, கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று பிறகு மீண்டதைக் குறிக்கும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஓர் ஏற்பாடு உண்டு: கொடுத்த வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு சாதாரணமாக 2 நொடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் டிரைவரைத் தானே மறுபடி தொடங்கிப் பார்க்கும். இந்த இரண்டு நொடியைப் பதிவகத்தில் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. என் அபிப்பிராயத்தில் அது நோயாளியின் ஜுரத்தை அளக்கும் கருவியைத் தூர எறிவதற்குச் சமம். கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

ப்ளூ ஸ்கிரீன் கண்ணில் படுவதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதென்றால், சிஸ்டம் பிராப்பர்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற பகுதிக்குள் சென்று ஆட்டோமேட்டிக்காக ரீஸ்டார்ட் ஆகும் ஏற்பாட்டை நீக்கிவிடுங்கள். அதன்பின் திரை நின்று காத்திருக்கும். அதிலுள்ள பெயரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர்களுக்கு எண்குறிகளும் உண்டு: 124 என்ற எண்ணில் முடியும் குறி ஹார்டுவேர் பிழையையும், 116 என்று முடிவது மேலே சொன்ன கிராபிக்ஸ் டிரைவர் மீளாமற்போனதையும் குறிக்கின்றன. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் ப்ளூ ஸ்கிரீன் வருமானால், அந்தப் பெயர்களின் பின்னால் தனித்தனியே ஓடாமல் முதலில் ராமைப் பரீட்சை செய்யுங்கள். ராமில் ஒரு பிட் தவறினால் அது எந்த நிரலின் தலையில் விழுகிறதோ அந்த நிரலின் பெயரையே விண்டோஸ் சொல்லும்.

சாட்சியம் சேர்ந்த பிறகு செய்யவேண்டிய முதல் காரியம், எதையும் கூட்டுவதல்ல, குறைப்பது. பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் அவற்றின் நியமிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டும் ஏற்பாடுகள், வோல்டேஜைக் குறைத்து வைத்த ஏற்பாடுகள், எல்லாவற்றையும் பயாஸிலும் மென்பொருளிலும் ஆதி நிலைக்குத் திருப்புங்கள். இங்கே அநேகர் மறந்துவிடுவது ராமின் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற ஏற்பாடுகளை. ராம் டப்பாவில் அச்சிட்டிருக்கும் வேகம் அந்த ஏற்பாட்டை இயக்கினால் மட்டும் கிடைப்பது. அது ராமுக்கும், பிராசசருக்குள்ளிருக்கும் ராம் கட்டுப்பாட்டுக்கும் சாதாரண நியமத்துக்கு மேற்பட்ட வேகமே. டப்பாவில் அச்சிட்டிருப்பதால் அது நிச்சயமானது என்று கொள்ளலாகாது. அதை நிறுத்திவிட்டு அதே விளையாட்டை அதே அளவு நேரம் ஆடிப் பாருங்கள். நின்றுபோதல் ஒழிந்தால் விசாரணை அங்கேயே பாதி முடிந்தது.

உஷ்ணத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. எல்லாவற்றுக்கும் சூடே காரணம் என்பது ஒன்று. 90 டிகிரியைக் கண்டாலே ஆபத்து என்பது இன்னொன்று. இன்றைய பிராசசர்கள் எல்லையை எட்டியவுடன் அணைந்துவிடுவதில்லை. முதலில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கின்றன. இன்டெல்லின் பல டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசை பலவற்றுக்கு 95, அவை கடும் பாரத்தில் அந்த அளவில் நின்று வேலை செய்யவே அமைக்கப்பட்டவை. ஆகையால் சூடு காரணமானால் அணைவதற்கு முன்பே விளையாட்டு தடுமாறும், படங்கள் விட்டு விட்டு ஓடும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளை ஓடவிட்டு, அதன் அளவுகளைக் கோப்பில் எழுதும்படி செய்து, விளையாடுங்கள். கணினி அணைந்த பிறகு கோப்பின் கடைசி வரிகள் அணைந்த நொடியின் நிலையைக் காட்டும். கடைசி வரியில் பிராசசர் 68, கார்டு 72 என்றிருந்தால் உஷ்ணத்தை விட்டுவிட்டு வேறிடம் பார்க்க வேண்டியதுதான். கார்டின் பொதுச் சூட்டோடு ஹாட்ஸ்பாட், மெமரி என்ற தனி வரிகளையும் பாருங்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரியுள்ள கார்டுகளில் கார்டின் சூடு சாதுவாகத் தெரிய, மெமரி மட்டும் 110 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருப்பதுண்டு.

நம் ஊரில் அறையின் உஷ்ணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அறை 10 டிகிரி கூடினால் உள்ளே உள்ள பாகங்களும் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். மார்கழியில் ஒழுங்காக ஓடி, சித்திரையில் மதியவேளை மட்டும் விழும் கணினிக்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். சந்தேகத்தைத் தீர்க்க எளிய யுக்தி ஒன்றுண்டு: கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ஒரு டேபிள் ஃபேனை உள்ளே பார்த்து வைத்து, அதே விளையாட்டை ஆடுவது.

தூசியை வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்யலாகாது. கேபினெட்டின் முன்வலை பளிச்சென்று இருக்கும். விசிறியின் இறக்கைகளில்கூட லேசான சாம்பல் நிறந்தான் தெரியும். ஆனால் ஹீட் சிங்கின்மேல் விசிறியைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்புகளை விலக்கி விசிறியைத் தூக்கிப் பார்த்தால், தகடுகளின் வாயில் பஞ்சு மெத்தைபோல ஒரு படலம், நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரே துண்டாக உரிந்து வரும் கனத்தில், படிந்திருப்பதைக் காணலாம். காற்று அடிக்கும் ஓசை கேட்கிறது, காற்று உள்ளே போவதில்லை. ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் ஊதினால் அது தன் நியமத்துக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். ஈரத்துணி, வீட்டு வாக்குவம் கிளீனர் இரண்டும் வேண்டாம். ஹீட் சிங்கைப் பிராசசரிலிருந்து எடுத்தால் பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசாமல் திரும்ப வைக்கலாகாது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். சட்டென்று அணையும் கணினிகளில் நான் மிகுந்த சிரத்தையோடு பார்க்கச் சொல்லுவது இந்தப் பகுதியைத்தான். அதிலும் முதலில் கேபினெட்டுக்கு வெளியே பார்க்கச் சொல்லுவேன். தமிழ்நாட்டு வீடுகளில் கணினி என்றால் அதன் அருகே ஒரு சிறு யுபிஎஸ் பெட்டியும் உண்டு. அதன்மேல் 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த 600 வாட் அன்று. அவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றின் பின்புறச் சீட்டில் சிறிய எழுத்தில் 360 வாட் என்றிருக்கும். அதுதான் அது தாங்கக்கூடிய உண்மையான பாரம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் நியமிக்கப்பட்ட தேவை மட்டும் 320 வாட், பிராசசருக்கு 120 முதல் 150, மதர்போர்டு, ராம், விசிறிகள், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் 500 வாட்டைச் சுலபமாகத் தாண்டும். அலுவலக வேலையில் அதே கணினி 100 வாட்டுக்குள் அடங்கியிருந்ததால் பெட்டி ஆட்சேபிக்கவில்லை. மாலையில் ஊரெல்லாம் மின்சாரத்தை இழுக்கும் வேளையில் வோல்டேஜ் கணநேரம் தாழ, யுபிஎஸ் பேட்டரிக்கு மாற, அந்தச் சமயம் திரையில் சண்டைக் காட்சி நடக்க, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை விட்டுவிடுகிறது. வீட்டு விளக்கு மினுங்கக்கூட இல்லையே என்று சொந்தக்காரர் ஆச்சரியப்படுகிறார்.

இதை நிர்ணயிப்பதற்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. மானிட்டரும் கணினியும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்குமாயின், அணையும் க்ஷணத்தில் மானிட்டரின் சிறு விளக்கைப் பாருங்கள். கணினியோடு அதுவும் அணைந்தால் மின்சாரம் வெளியிலேயே அறுந்தது. கணினி அணைந்தும் மானிட்டர் விளக்கு எரிந்துகொண்டு, சிக்னல் இல்லை என்ற வாசகம் வந்தால், குறை கேபினெட்டுக்குள் இருக்கிறது. இரண்டொரு நாள் யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, எர்த் சரியாக உள்ள சுவர் பிளக்கில் நேரே சொருகி ஆடிப் பார்ப்பதும் நல்ல பரீட்சை. யுபிஎஸ்தான் காரணமென்று தெரிந்தால், பாரத்தைவிடத் தாராளமாக அதிக வாட் உள்ளதும், பேட்டரியில் ஓடும்போது சுத்தமான சைன் அலை தருவதுமான யுபிஎஸ்ஸை வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் என்பது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை; ஆக்டிவ் பிஎஃப்சி என்ற ஏற்பாடுள்ள எஸ்எம்பிஎஸ்களிற் சில, விலை குறைந்த பெட்டிகளின் படிக்கட்டு அலையை ஏற்காமல் அணைந்துவிடும். அத்தகைய எஸ்எம்பிஎஸ்களில் அநேகம் 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடக்கூடியவை. அவற்றுக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைப்பது பெரும்பாலும் அனாவசியம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் டப்பாவில் போட்டிருக்கும் வாட் எண்ணிக்கை மட்டும் போதாது. 80 பிளஸ் முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சான்று சொல்கிறது. திடீர்ப் பாரத்தைத் தாங்கும் சக்தியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கிராபிக்ஸ் கார்டு தன் சராசரித் தேவையைப்போல இரு மடங்கை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு இழுக்கக்கூடும். எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்று எண்ணித் தன்னை மூடிக்கொள்கிறது. 2022இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 நியமம், 100 மைக்ரோ நொடிக்குத் தன் அளவின் இரு மடங்கை எஸ்எம்பிஎஸ் தாங்கவேண்டுமென்று விதித்தது இதன் பொருட்டே. எஸ்எம்பிஎஸ் இவ்விதம் மூடிக்கொண்டதற்கு ஓர் அடையாளம்: அணைந்த பிறகு பவர் பட்டனை அழுத்தினாலும் சில கணினிகளில் உயிர் வராது; எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்ட பிறகே வரும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு பரீட்சை செய்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட் என்ற கோட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, அதே விளையாட்டை அதே காட்சியில் ஆடுங்கள். சூடு முன்பே அளவாக இருந்து, இப்போது அணைவதும் நின்றுவிட்டதென்றால், எஸ்எம்பிஎஸ், அதன் கேபிள், கார்டின் மின்பகுதி ஆகிய மூன்றுக்குள் குறை அடங்கிவிட்டது.

அம்மூன்றில் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மதர்போர்டின் ஸ்லாட் வழியே கார்டுக்கு 75 வாட் வரை வரும். ஆறு முனை கேபிள் 75, எட்டு முனை கேபிள் 150 என்பது நியமம். கார்டில் இரண்டு எட்டு முனை இடங்கள் இருக்க, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து புறப்படும் ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரு தலைகளையும் இரண்டிலும் சொருகியிருப்பதை அடிக்கடி காணலாம். இரண்டு தனிக் கேபிள்களாக மாற்றுங்கள். அம்மட்டிலேயே குணமான கணினிகள் உண்டு. கேபிளைக் கழற்றும்போது முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருக்கவேண்டிய பிளாஸ்டிக்கில் ஒரு துளையின் விளிம்பு மட்டும் பழுப்பேறியோ, மெழுகுபோல் சற்றே சரிந்தோ, கருகிய வாசனையோடோ இருந்தால் அந்தக் கேபிளை மறுபடி சொருகலாகாது. 2022இல் 450 வாட் தேவையுடைய ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்தபோது அதன் புதுவகைப் பன்னிரு முனைக் கனெக்டர்கள் உருகியதைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. முழு ஆழத்துக்குச் சொருகப்படாமை ஒரு முக்கிய காரணமென்று கண்டார்கள். மறு வருஷம், சரியாகச் சொருகாவிட்டால் கார்டு முழு மின்சாரத்தை இழுக்காதபடி, உணரும் முனைகளைக் குட்டையாக்கிய திருத்திய கனெக்டர் வந்தது. அத்தகைய கனெக்டரை இடைவெளி தெரியாதபடி அழுத்திச் சொருகி, வாயிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரையேனும் வளைக்காமல் விடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள்களுள்ள எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களை உள்ளே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாகாது. கார்டின் பக்கத்து முனைகள் ஒரே நியமப்படி இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளுக்குப் பொது நியமம் கிடையாது. கேபிள் ஒழுங்காகப் பொருந்தும், ஆனால் 12 வோல்ட் வேறு இடத்தில் பாய்ந்து எஸ்எஸ்டியையும் மதர்போர்டையும் ஒரு நொடியில் எரித்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ராமின் பரீட்சைக்கு மெம்டெஸ்ட்86 என்ற நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்கு வெளியே இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ஆயிரம் கோடியில் ஒன்று என்று சமாதானம் செய்துகொள்ளலாகாது. பிழை வந்தால் ஒரு ராமை மட்டும் வைத்துப் பார்த்து, பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தால், குறை ராமிலா ஸ்லாட்டிலா என்பது தெளியும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டு ராம்களுக்கு உரிய இடம் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்.

பிராசசர் கெடுவது அபூர்வம் என்பது நெடுங்காலம் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கையாயிருந்தது. அந்த நம்பிக்கை 2024இல் ஆட்டங்கண்டது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசசர்களை வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் எஞ்சினில் செய்யப்பட்ட விளையாட்டுகளைத் தொடங்கும்போது, வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தி வந்து விளையாட்டு மூடிக்கொண்டது. செய்தியை நம்பியவர்கள், 24 ஜிபி மெமரியுள்ள கார்டை வைத்திருந்தவர்கள்கூட, கார்டையும் டிரைவரையும் மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில் குறை பிராசசரில் இருந்தது: சுருக்கி வைத்த தரவுகளை விரிக்கும் கடும் வேலையைப் பிராசசர் பிழையாகச் செய்ய, அதன் பலன் கார்டின் மெமரிக் குறையாக வேஷமிட்டு வெளிவந்தது. அவ்வருஷம் ஜூலையில் இன்டெல், மைக்ரோகோடு பிராசசருக்குத் தவறாக அதிக வோல்டேஜைக் கேட்டுவந்ததை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டு முதல் திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அந்தத் திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்குமேயன்றி, நேர்ந்துவிட்ட சேதத்தை ஆற்றாது. அத்தலைமுறைப் பிராசசர் உள்ளவர்கள் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை ஏற்ற வேண்டும்; ஏற்றிய பின்பும் விழுமானால் வாரண்டியில் மாற்றித் தரக் கேட்க வேண்டும். இந்தச் சம்பவத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், விளையாட்டு காட்டும் செய்தியைக் காரணமாகக் கொள்ளாமல் அறிகுறியாக மட்டும் கொள்ளவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது என்பதே.

கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்தால், பழையதன்மேல் புதியதைப் போடுவதைவிட, சேஃப் மோடில் டிடியு என்ற கருவியால் பழையதை அடியோடு நீக்கிவிட்டுப் போடுவது மேல். புதியதே எப்போதும் சிறந்தது என்பதுமில்லை. குறை ஒரு டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகு தொடங்கியதென்று நோட்டுப்புத்தகம் சொன்னால் முந்தியதற்குத் திரும்புங்கள். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுகள் வந்த புதிதில் பல விளையாட்டுகளில் விழுந்தபோது, கார்டின் கெபாசிட்டர்களைப் பற்றி உலகெங்கும் தர்க்கம் நடந்தது. அந்த மாத இறுதியில் வந்த 456.55 என்ற டிரைவர் பெரும்பாலோருக்கு அக்குறையை நீக்கிவிட்டது. திரையில் சதுரங்களும் நிறப்புள்ளிகளும் தோன்றி, கார்டை வேறு கணினியில் வைத்தாலும் அப்படியே தோன்றினால் மட்டும், கார்டு கெட்டதென்று நிச்சயிக்கலாம். கெடாத கார்டுக்கும் பாரம் குறைய ஓர் உபகாரம் செய்யலாம்: படங்களின் வேகத்துக்கு மானிட்டரின் அளவில் வரம்பு வையுங்கள். 2021 ஜூலையில் நியூ வேர்ல்டு விளையாட்டின் சோதனைப் பதிப்பு, மெனுத் திரையில்கூட வரம்பில்லாமல் படங்களைத் தள்ளியபோது சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தன. பற்றவைப்பில் முன்பே இருந்த குறையே காரணமென்று கார்டு நிறுவனம் பின்னர் கண்டது.

ஒரே ஒரு விளையாட்டு மட்டும் டெஸ்க்டாப்புக்கு மூடிக்கொண்டு, மற்றவை நன்றாக ஓடினால், ஸ்டீமிலோ அதுபோன்ற செயலியிலோ அந்த விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கச் செய்யுங்கள். எஸ்எஸ்டியில் இடம் மிச்சமாகட்டுமென்று பேஜ் ஃபைலை நிறுத்தியிருந்தால் அதை விண்டோஸின் பொறுப்பில் திரும்ப விட்டுவிடுங்கள். 16 ஜிபி ராமில் அது இல்லாமல் பெரிய விளையாட்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து தீராதபோது, பாகங்களை மாற்றி வைத்துப் பார்ப்பதொன்றே மிச்சம். அதற்குச் சென்னை ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர்ச் சர்வீஸ் கடைக்கோ போகவேண்டியிருக்கும். கடைக்காரர் கணினியைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று திருப்பித் தருவது வழக்கம். அவர்மேல் குற்றமில்லை, உங்கள் வீட்டில் அது விழுந்த சூழ்நிலை அவர் மேஜையில் இல்லை. ஆகையால் விளையாட்டு பதிவேறியிருக்கும் எஸ்எஸ்டியையும் நோட்டுப்புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள்; எந்தக் காட்சியில் எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று காட்டுங்கள்; குறைந்தது அதைப்போல் இரு மடங்கு நேரம் ஓட்டச் சொல்லுங்கள். யுபிஎஸ்ஸையும் எடுத்துப்போய், அதோடு சேர்த்தும் அதில்லாமலும் ஓட்டிப் பார்க்கச் சொல்வது நன்று. வேறு எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துப் பார்க்கையில் கார்டையும் சேர்த்து மாற்ற வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றிக் குணமானால் கெட்டது எதுவென்று தெரியாமலே போகும். எந்தப் பாகம் என்று நிச்சயமான பிறகு அதன் பில்லையும், மேலே ஒட்டியிருக்கும் சீரியல் எண் சீட்டையும் பாருங்கள். தரமான எஸ்எம்பிஎஸ்களுக்கு 5 முதல் 10 வருஷம் வரை வாரண்டி உண்டு. சீட்டு கிழிந்திருந்தால் அந்த உரிமையைப் பெறுவது கடினம், எனவே துடைக்கும்போதும் ஊதும்போதும் அந்தச் சீட்டில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.